பெயர் சொல்லி அழைக்கப்பட்டோர்: ஓர் இசைக்குழுவின் வரலாறும் திருச்சபையின் கடமையும்

நாளாகமத்தின் முதலாம் புத்தகம் 25-ஆம் அதிகாரத்தை வாசிப்போர் பெரும்பாலும் அதனை விரைந்து கடந்துவிடுவர். ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் புதல்வர் பெயர்கள் அங்கே வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. இசையில் தேர்ந்தோர் 288 பேர் எனத் தொகையும் கூறப்பட்டுள்ளது. பிரசங்கத்துக்கு உதவாத பட்டியல் என்று நாம் அதனை ஒதுக்குகிறோம். ஆயினும், ஆலயத்தில் தாளம் தட்டியவனுக்கும் ஒரு பெயர் உண்டு, அப்பெயர் எழுதப்பட வேண்டும் என்று கருதிய ஒரு சமுதாயத்தின் சாட்சி அது. அதே பட்டியல் ஏமானுக்கு மூன்று குமாரத்திகள் இருந்தனர் என்று கூறி, அவர்தம் பெயரைக் கூறாது விடுகிறது. யார் பெயர் எழுதப்படுகிறது, யார் பெயர் விடப்படுகிறது என்னும் இவ்வினாவோடு, நம் காலத்துத் தமிழ் இசைக்குழு ஒன்றின் உறுப்பினரை வாசகருக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம்.

1. பெயரற்ற மேளம்

ஆரணியைச் சூழ்ந்த பட்டு நெசவுப் பகுதியில் உள்ள சந்தவாசலிலும், அதனை அடுத்த படவேட்டிலும், ஆடி மாத அம்மன் விழாக்களில் பம்பையும் சிலம்பும் பறையும் ஒலிக்கக் கேட்கலாம். நெய்தவர் பெயர் சேலையில் இல்லாதது போலவே, அடித்தவர் பெயரும் விழா அழைப்பிதழில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 'மேளம்' என்னும் ஒரே சொல்லில் அவர்கள் அடங்கிவிடுகின்றனர்.

பழைய வட ஆர்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களினின்று பிழைப்புத் தேடிச் சென்னைக்குச் சென்றோர் பலர். துறைமுகத்திலும் ஆலைகளிலும் இரயில்வேயிலும் உழைத்த மக்கள் வாழ்ந்த வடசென்னையில் 'கானா' என்னும் பாட்டு வகை வளர்ந்தது. சாவு வீட்டில் இரவு முழுவதும் பாடி, இறந்தவரை நினைந்து, துயருற்றோரைத் தேற்றுவது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. ஆயின் மேடைக் கச்சேரிகளை ஆதரித்த நகரம், கானாவை நெடுங்காலம் இழிந்த பாட்டு என்றே எண்ணியது.

இதற்கு ஒப்பான வரலாறு அமெரிக்காவிலும் உண்டு. 'புளூகிராஸ்' எனப்படும் கிராமிய இசையின் தந்தை எனப் போற்றப்படுபவர் கென்டக்கி மாநிலத்தவரான பில் மன்றோ (1911–1996). அவ்விசையின் தலையாய கருவிகளுள் ஒன்றாகிய பான்ஜோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்களின் மரபில் தோன்றியது. மன்றோ தம் இளமையில் அர்னால்ட் ஷுல்ட்ஸ் (1886–1931) என்னும் கறுப்பினக் கலைஞரோடு சேர்ந்து வாசித்ததையும், அவரால் பயன் பெற்றதையும் பின்னாளில் எடுத்துரைத்தார். ஷுல்ட்ஸ் ஒலிப்பதிவு எதனையும் விட்டுச் செல்லவில்லை. மன்றோவைப் போன்றோர் அவர் பெயரைச் சொன்னதனாலேயே வரலாறு அவரை அறிகிறது.

2. குழுவின் தோற்றமும் பெயரும்

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் நிறுவிய நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் தென்மாவும் இணைந்து 2017-இல் ஓர் இசைக்குழுவை உருவாக்கினர். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', அதாவது சாதியற்றோர் கூட்டு, என்பது அதன் பெயர். 2018 சனவரி 6-ஆம் நாள், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் அதன் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. திருச்சபைக்குரிய பள்ளி ஒன்றின் மைதானத்திலேயே அக்குரல் முதன்முதல் எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) சிந்தனையினின்று எடுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்கள் தம்மைச் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று குடிமதிப்பில் பதிவு செய்ய வேண்டும் என அவர் வற்புறுத்தினார். பிறர் இட்ட பெயரை மறுத்துத் தம் பெயரைத் தாமே கூறும் உரிமையே அங்கு கோரப்பட்டது. அவர் பின்னாளில் பௌத்தம் தழுவினார். எனினும், 1880-களில் 'திராவிட பாண்டியன்' இதழ்ப் பணியில் அவரோடு நின்றவர் அருள்திரு ஜான் ரத்தினம் என்னும் கிறிஸ்தவ ஊழியர். ஆகவே இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

3. உறுப்பினர்

முதல் மேடையில் நின்றோர் 19 பேர். கானாப் பாடகரும், சொல்லிசைக் கலைஞரும், மேலை இசைக்கருவி பயின்றோரும் ஒரே வரிசையில் நின்றனர். முத்து, பாலச்சந்தர், தரணி, செல்லமுத்து முதலியோர் கானா பாடினர். கௌதம் கட்ட மோளமும், சரத் சட்டியும், நந்தன் பறையும் அடித்தனர். சாகிப் சிங் கிதார் மீட்ட, மனு கிருஷ்ணன் டிரம்ஸ் வாசித்தார். சாவு ஊர்வலத்தில் மட்டுமே கேட்கத்தக்கது என ஒதுக்கப்பட்ட கருவிக்கும் கிதாருக்கும் அங்கே ஒரே மதிப்பு.

அக்குழுவில் இருந்த ஒரே பெண் இசைவாணி. ஆண்களே பெரிதும் பாடிவந்த கானாவை வடசென்னைப் பெண் ஒருவர் மேடையேறிப் பாடியது புதுமையாயிற்று. 2020-இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்களின் பட்டியலில் அவர் இடம்பெற்றார். ஏமானின் குமாரத்திகளுக்குக் கிடைக்காத சிறப்பு அது.

சொல்லிசைக் கலைஞர் அறிவு பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த அரக்கோணத்தவர். 2021-இல் அவர் எழுதிப் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே அதன் ஊற்று என்றார் அவர். ஆயினும் அதே ஆண்டில் இசை இதழ் ஒன்று அப்பாடலைப் போற்றிய தன் அட்டையில் அவருக்கு இடமளிக்கவில்லை. அது பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பெயர் விடுபடும் வழக்கம் இன்னும் மாயவில்லை.

4. நம் பாட்டுப் புத்தகமும் நாமும்

தமிழ்த் திருச்சபை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் கீர்த்தனைகளால் வளம் பெற்றது. அச்செல்வத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், சபையில் சாதி வேறுபாட்டை அகற்ற மிஷனெரிமார் முனைந்தபோது அவரே எதிர்த்து எழுதினார் என்பதும் வரலாறு. கர்நாடக இசை ஆலயத்தினுள் வந்தது. பறை வெளியே நின்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1853-இல் அமைக்கப்பட்ட ஆர்க்காடு மிஷன், ஆரணியைத் தன் பணித்தலங்களுள் ஒன்றாகக் கொண்டது. சாதியை விட்டொழிப்பதைச் சபை உறுப்பினர்க்கு நிபந்தனையாக்கியது. பறையடித்தல் பிறப்பால் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியமாய் இருந்த காலத்தில், அதனைக் கீழே வைப்பதே பலருக்கு விடுதலையாயிற்று. தம் பாட்டனார் துறந்த கருவியை ஆலயத்தில் காண இன்றும் கூசும் மூப்பர்களை நாம் பழைமைவாதிகள் என்று இகழ்தல் தகாது. அவர்கள் கூச்சத்தில் ஒரு காயம் உண்டு.

எனினும் கட்டாயத்தால் அடிப்பது வேறு. விருப்பத்தால், பெயரோடும் மதிப்போடும் அடிப்பது வேறு. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குக் கொணர்ந்தபோது இவ்வேறுபாட்டையே நமக்குக் கற்பித்தார் எனலாம். அவர் ஆலயத்தினுள் செய்ததை இக்குழு பொது மேடையில் வேறொரு வகையில் செய்தது.

பத்தொன்பதின்மரில் சிலரையே நாம் இங்கு குறித்தோம். எஞ்சியோர் பெயரையும் தேடி அறிதல் நம் கடன். சேகர ஆயர்களும், ஆயத்தமாகும் மாணவரும் செய்யத்தக்க சிறு காரியம் ஒன்றுண்டு. அடுத்த அறுப்பின் பண்டிகையில் மேளம் வாசிப்போரிடம் பெயரைக் கேளுங்கள். அதனைச் சபையாருக்கு வாசியுங்கள். சபைப் பதிவேட்டில் எழுதுங்கள். திருமுழுக்கில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் திருச்சபைக்கு அது புதிய கட்டளையன்று.