தலைக்கணக்கும் சூளைக்கணக்கும்

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு பெண் செராமிக் தொழில் தொடங்க நினைத்தால், பணத்துக்குப் போகக்கூடிய இடங்களில் முக்கியமானவை இரண்டு: மகளிர் குழுக் கடன், முத்ரா கடன். சொத்துப் பிணை இரண்டுக்கும் வேண்டாம். ஆனாலும் இரண்டும் வேறு வேறு கணக்கில் ஓடுகின்றன.

குழு தமிழ்நாட்டில் வேரூன்றியது 1989இல், தர்மபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்க முன்வந்தது. அடகு வைக்க நகையோ நிலமோ இல்லாதவர்களுக்கு மாதச் சேமிப்பும் தீர்மான நோட்டுமே பிணையாயின. கந்துவட்டியை விட்டால் போக்கிடம் இல்லாதிருந்த வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய காரியம்!

ஆனால் குழுவுக்கு வரும் பணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று பிரிந்துவிடுகிறது. பொம்மைக்கு வண்ணம் தீட்டவும், அகல் வாங்கி விற்கவும் அது போதும். சூளையைப் பன்னிரண்டு உறுப்பினர்களுக்குப் பங்காகப் பிரிக்க முடியுமா? வெண்களிமண் கலவை, பிளாஸ்டர் அச்சு, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு, இவற்றில் ஒன்று குறைந்தாலும் சரக்கு தேறாது.

2015 ஏப்ரல் 8இல் வந்த முத்ரா, தனி ஆளை நம்பிக் கொடுப்பது. அதன் பிரிவுகளில் சிசு 50,000 ரூபாய் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. சூளைக்கணக்கு இதில்தான் அடங்கும். பயனாளிகளில் சுமார் 68 சதவீதம் பெண்கள் என்கிறது மத்திய அரசு. எண்ணிக்கை மகிழ்ச்சிதான், தொகையையும் பார்க்க வேண்டும். முதல் ஆண்டில் ஒரு கடனின் சராசரியே சுமார் 38,000 ரூபாய். பெரிய தொகை கேட்டால் விலைப்பட்டியல், தொழில் பதிவு, தொழில் நடக்கும் இடத்துக்கான சான்று எல்லாம் வேண்டும். பட்டாவும் மின் இணைப்பும் மாமனார் பெயரில் இருக்கும் வீட்டில் அவள் எதைக் காட்டுவாள்? பத்தாண்டு தவணை தவறாத குழு நோட்டை வங்கி மேசையில் சான்றாக ஏற்க வேண்டும் என்பேன்.

தவணை விஷயத்தில் இரண்டும் ஒன்றே: பெரும்பாலும் மாதாமாதம். பொம்மைக்குக் கொலு, அகலுக்குக் கார்த்திகை என்று வருமானம் பருவத்தில்தான் வரும். அறுவடை பார்த்துப் பயிர்க்கடனுக்குக் கெடு வைக்கும் வங்கிக்குப் பருவக் கணக்கு புதிதல்ல. ஆடியில் அச்சில் வார்த்த அகல் கார்த்திகையில்தான் காசாகும். முதல் தவணையோ ஆவணியிலேயே வந்து நிற்கிறது.