சாணம் கேட்காத அடுப்பு

ஒரு வீட்டுச் சமையல் முழுவதையும் சாண எரிவாயுவை நம்பி நடத்த வேண்டுமென்றால், கொட்டிலில் நான்கைந்து மாடாவது நிற்க வேண்டும். ஒரு கன மீட்டர் வாயுவுக்குச் சுமார் 25 கிலோ பச்சைச் சாணம் தேவை. ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளுக்கு இரண்டு கன மீட்டர் வாயு, அதாவது 50 கிலோ சாணம் வேண்டும். ஒரு மாடு போடுவதோ பத்து கிலோவை ஒட்டித்தான். இந்தக் கணக்கில் ஒற்றைப் பசு வைத்திருப்பவருக்கு இடமில்லை. மாடும் நிலமும் இல்லாத கூலிக்காரருக்கு அறவே இல்லை. சுள்ளியும் சருகும் பொறுக்கி வந்து புகையில் கண் எரியச் சமைப்பவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் அகாலமாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

எரிவாயுக் கலனுக்குச் சாணம்தான் வேண்டுமா என்ற கேள்வியை உரக்கக் கேட்டு, வேண்டாம் என்று செய்து காட்டியவர் பூனாவைச் சேர்ந்த தாவரவியலாளர் ஆனந்த் கார்வே. ஆண்டு 2003. அவருடைய கலன் பிறந்த கதையைச் சொல்ல, அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னால் போக வேண்டும்.

1776 நவம்பரில் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் அலெசாந்த்ரோ வோல்டா ஒரு குச்சியால் சேற்றைக் கிளறினார். பின்னாளில் மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே வோல்டா. கிளறக் கிளறக் குமிழிகள் எழுந்தன. நீர் நிரம்பிய குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து அவற்றைச் சேகரித்தார். நெருப்புக் காட்டியதும் அந்த வாயு நீலச் சுடராக எரிந்தது. இன்று நாம் மீத்தேன் என்று சொல்வது அதைத்தான். அந்தச் சேற்றில் மட்கிக் கிடந்தவை நாணலும் இலையும் தண்டும். மனிதன் பிடித்து ஆராய்ந்த முதல் மீத்தேன் தாவரக் கழிவிலிருந்து வந்தது.

பிறகு கதை சாணத்தின் பக்கம் திரும்பியது. 1808இல் ஹம்ப்ரி டேவி, மட்கும் மாட்டுச் சாணத்திலிருந்து வரும் வாயுவில் மீத்தேன் இருப்பதைக் கண்டார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயின் மாட்டுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் மனிதக் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கெரித்தார்கள். 1930களின் இறுதியில் டெல்லியிலிருந்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ்.வி. தேசாய் சாணத்தை வைத்து முறையான சோதனைகளைத் தொடங்கினார். சாணத்தைத் தேர்ந்ததற்கு வலுவான காரணம் இருந்தது. வறட்டியாகத் தட்டி எரித்தால் வயலுக்கு எரு போகாது. எருவாகக் கொட்டினால் அடுப்புக்கு விறகு தேட வேண்டும். கலனுக்குள் விட்டால் வாயு அடுப்புக்கும் மிஞ்சும் கரைசல் வயலுக்கும் போகும். உழவரின் நெடுநாள் இழுபறியை அது தீர்த்தது.

1950களில் ஜஷ்பாய் படேல் இதைக் கிராமத்துக்கு ஏற்ற வடிவாக்கி ‘கிராமலட்சுமி’ என்று பெயரிட்டார். தரைக்குள் செங்கல் கிணறு, அதன்மேல் கவிழ்ந்த இரும்பு டிரம். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும், அடுப்பைத் திறந்தால் கீழே இறங்கும். 1960களின் தொடக்கத்தில் காதி கிராமத் தொழில் ஆணையம் இதை எடுத்துக்கொண்டு நாடெங்கும் கொண்டுபோனது. தமிழ்நாட்டு ஊர்களிலும் ‘கோபர் கேஸ்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. இரும்பு துருப்பிடித்ததால் முழுவதும் செங்கல்லால் ஆன குவிமாட வடிவங்கள் வந்தன. 1984இல் வந்த ‘தீனபந்து’ அவற்றில் மிகவும் பரவியது. செலவு குறைந்தது, ஆயுள் கூடியது. ஆனால் சாணக் கணக்கு மட்டும் மாறவில்லை.

அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்திலுள்ள பூரா என்ற சிற்றூர் காட்டியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்யா ரெட்டி 1974இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ குழு அங்கே ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு சாண எரிவாயுக் கலனை அமைத்தது. எல்லா வீட்டு அடுப்புக்கும் வாயு கொடுப்பது நோக்கம். ஊரில் கிடைத்த சாணம் அதற்குப் போதவில்லை. 1987இல் ஊரார் வேறு முடிவெடுத்தார்கள். அதே வாயுவை எஞ்சினுக்கு விட்டு, மின்விளக்குக்கும் குடிநீருக்கும் பயன்படுத்தினார்கள். பூராவின் விளக்குகள் எரிந்ததில் எல்லாருக்கும் பெருமை உண்டு. வாயு அடுப்பு மட்டும் எட்டாமலே நின்றது.

சாணம் போதாதென்றால் இலையைப் போடலாமே என்று அஸ்த்ரா குழு அடுத்துப் பார்த்தது. அங்கே வேறு சிக்கல். சாணக் கலனில் வைக்கோலையோ இலையையோ அப்படியே போட்டால் மிதக்கும். மேலே ஏடு கட்டி, வாயு வெளியேறும் வழியை அடைக்கும். வைக்கோலில் சிலிக்காவும் லிக்னினும் உண்டு. தண்டை நிமிர்ந்து நிற்கச் செய்யும் லிக்னினை, காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்களால் செரிக்க முடிவதில்லை. இதற்காகவே அக்கழகத்தில் இலைதழைக்கென்று தனி வடிவக் கலன்களை உருவாக்கினார்கள். நல்ல ஆராய்ச்சிதான். ஆனாலும் பயிர்க் கழிவு என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்தக் கழிவு என்று கேட்டாக வேண்டும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

கார்வே நுழைவது இந்த இடத்தில். மானுடவியலாளர் ஐராவதி கார்வேயின் மகன். பெண்கல்விக்காக வாழ்நாளைக் கொடுத்த தோண்டோ கேசவ் கார்வேயின் பேரன். பூனாவில் கிராமத் தொழில்நுட்பத்துக்காக ‘ஆர்த்தி’ என்ற நிறுவனத்தை 1990களில் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த நிறுவனம் முதலில் கைவைத்தது கரும்புச் சோகையில். மகாராஷ்டிரத்தில் அறுவடை முடிந்ததும் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் பத்து டன் சோகை வயலிலேயே கிடக்கும். மாடு தின்னாது, சீக்கிரம் மட்காது. அதனால் தீ வைத்துவிடுவார்கள். ஆர்த்தி குழுவினர் சோகையை டிரம்களில் திணித்து மூடி, ஒரு சூளைக்குள் வைத்து வெளியிலிருந்து சூடேற்றினார்கள். டிரம்மின் அடியிலுள்ள துளைகள் வழியே கசியும் வாயுவே தீப்பிடித்து, மீதி வெப்பத்தையும் கொடுத்தது. உள்ளே சோகை கரியானது. கரித்தூளை மாவுப்பசை சேர்த்து அச்சில் அழுத்தினால் புகையில்லாத கரிக்கட்டி. அதற்கென்று வடிவமைத்த அடுக்குக் குக்கரில் சுமார் நூறு கிராம் கட்டியைக் கொண்டு ஒரு குடும்பத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு சமைக்கலாம். 2002இல் இதற்கு லண்டனின் ஆஷ்டென் விருது கிடைத்தது.

காய்ந்து லிக்னின் ஏறிய கழிவுக்குச் சூளை கிடைத்துவிட்டது. ஈரமும் மாவும் உள்ள கழிவுக்கு என்ன செய்வது? கார்வேயின் தர்க்கம் மிக எளிமையானது. மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் மாட்டின் உடலுக்குள் வாழ்பவை. அங்கே அவற்றுக்குக் கிடைப்பது மாடு தின்னும் தீனி. சாணம் என்பது அந்தத் தீனியிலிருந்து மாவுச்சத்தையும் சர்க்கரையையும் புரதத்தையும் மாடு எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் நார். அதைத் திரும்பவும் அவற்றுக்கே போட்டு, வாயு குறைவு என்று நாம் குறைப்படுகிறோம். மாட்டுக்குக் கொடுப்பதைப் போன்ற தீனியையே அவற்றுக்கும் கொடுத்துப் பார்க்கலாமே.

கொடுத்துப் பார்த்தார். முளைத்துக் கெட்ட தானியம், புழுத்த மாவு, அழுகிய பழம், தின்னத் தகாத விதை, புங்கம் பிண்ணாக்கு, கல்வாழைக் கிழங்கு என்று மாவோ சர்க்கரையோ எண்ணெயோ புரதமோ உள்ள எதுவும் ஆகும். கார்வே சொன்ன கணக்கு இது: சாணக் கலனில் 40 கிலோ இட்டு 40 நாள் காத்திருந்து பெறும் அரை கிலோ மீத்தேனை, இரண்டு கிலோ மாவுச்சத்தைக் கொண்டு ஒரே நாளில் பெறலாம். வேதியியல் இதை மறுக்கவில்லை. மாவுச்சத்து முழுவதும் செரித்தால் கிலோவுக்கு 300 கிராமை நெருங்கி மீத்தேன் கிடைக்க இடமுண்டு. அரை கிலோ மீத்தேன் ஏறக்குறைய அரை கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். சிறு குடும்பத்தின் ஒருநாள் சமையலுக்கு அது போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இரண்டு கிலோ என்பது காய்ந்த எடை. அழுகிய பழத்திலும் சோற்றுக் கழிவிலும் பெரும்பகுதி தண்ணீர். அவற்றைப் போட்டால் அதற்கேற்ப எடை கூட வேண்டும்.

கலனும் சிறுத்தது. மொட்டைமாடித் தண்ணீருக்கு வாங்கும் பிளாஸ்டிக் டேங்க் இரண்டு போதும். பெரியதின் மேல்பகுதியை அறுத்துவிட்டு, சற்றுச் சிறியதை அதற்குள் கவிழ்த்தால் கலன் தயார். ஆயிரம் லிட்டர், 750 லிட்டர் அளவுகள் வழக்கம். தீனி ஊற்ற ஒரு குழாய், கழிவு வழிய ஒன்று, அடுப்புக்கு ஒன்று. பள்ளம் தோண்ட வேண்டாம், கொத்தனார் வேண்டாம். முதல் தடவை மட்டும் சாணக் கரைசல் ஊற்ற வேண்டும். நுண்ணுயிர்கள் குடியேற அது தேவை. வாயு எரியத் தொடங்கியதும் சாணத்தின் வேலை முடிந்தது. அதன்பின் தினமும் அரைத்தோ நசுக்கியோ நீரில் கரைத்த தீனி. வழியும் கழிவையே மறுநாள் தீனி கரைக்கவும் பயன்படுத்தலாம். சாணக் கலனில் தினமும் நூறு லிட்டர் கரைசலைச் சுமப்பவருக்கு இந்த ஒரு வாளியின் அருமை தெரியும்.

இதைப் பராமரிப்பதில் நுட்பம் உண்டு. இந்தக் கலன் ஒரு வயிறு மாதிரி. அளவு மீறினால் புளித்துவிடும். தீனியை முதலில் ஒருவகை நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன. இன்னொரு வகை அந்த அமிலத்தை மீத்தேனாக்குகிறது. முதல் வகைக்கு வேகம் அதிகம். ஒரேயடியாகக் கொட்டினால் அமிலம் தேங்கி, இரண்டாம் வகை செயலிழக்கும். டேங்க் மேலே எழுந்து நிற்கும், அடுப்போ பற்றாது. வந்திருப்பது பெரும்பாலும் கரியமில வாயுவாக இருக்கும். அப்போது சில நாள் தீனியை நிறுத்தி, கொஞ்சம் புதுச் சாணக் கரைசலோ சுண்ணாம்போ சேர்த்தால் தேறிவிடும். அழுத்தம் குறைந்தால் மேல் டேங்க்கில் கல் வைக்க வேண்டும். சிலிண்டர் அடுப்பை அப்படியே பொருத்தினால் சுடர் சரியாக வராது. இந்த வாயுவுக்கு ஜெட் துளை பெரிதாக இருக்க வேண்டும். வீடுகளில் கலன்கள் கைவிடப்படுவதற்கு இந்தச் சின்ன விஷயங்களைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததும் ஒரு பெரிய காரணம்.

2006இல் ஆர்த்தி நிறுவனம் இரண்டாம் முறையாக ஆஷ்டென் விருது பெற்றது, இந்தக் கலனுக்காக. அடுத்த ஆண்டு அதே விருது கேரளத்தின் ‘பயோடெக்’ நிறுவனத்துக்குச் சென்றது. அவர்கள் வீட்டு உணவுக் கழிவை எரிவாயுவாக்கியவர்கள். மாவுச்சத்திலிருந்து மீத்தேன் எடுப்பது நமக்கும் தூரத்து விஷயமாக இல்லை. சேலம் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் பலவற்றில் மரவள்ளிக் கழிவுநீரைக் காற்றில்லாத கலனில் விட்டு எரிவாயு எடுக்கிறார்கள்.

இப்போது பெரிய முதலீடுகள் வைக்கோலைத் தேடி வருகின்றன. பஞ்சாபின் லெஹ்ராகாகாவில் 2022 அக்டோபரில் திறக்கப்பட்ட ஆலை நாளுக்கு 300 டன் நெல் வைக்கோலை எடுத்து 33 டன் அழுத்திய உயிரி எரிவாயு தயாரிக்கும் திறன் கொண்டது. வயலில் வைக்கோல் எரிவது குறைந்தால் எல்லாருக்கும் நல்லதுதான். அந்த அளவு வைக்கோலைச் செரிக்க அப்படிப்பட்ட ஆலைதான் வேண்டும். ஆனால் அந்த வாயு வண்டிகளுக்கும் சந்தைக்கும் போகிறது. வைக்கோல் விளைந்த ஊரின் அடுப்பை அது தானாகத் தேடி வராது. உஜ்வலா திட்டத்தில் 2016 முதல் சிலிண்டர் இணைப்பு பெற்ற ஏழைக் குடும்பங்களில் பலவும் அடுத்த சிலிண்டருக்குக் காசு இல்லாமல் விறகடுப்புக்குத் திரும்புகின்றன. நாட்டின் சமையல் வாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. தன் ஊர்க் கழிவிலிருந்து தன் வீட்டிலேயே வாயு எடுப்பவரைச் சிலிண்டர் விலையேற்றம் தொடாது. சிறிய கலனின் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

எனவே ஊராட்சியிலோ மகளிர் குழுவிலோ எரிவாயுக் கலன் பற்றிப் பேச்சு எழுந்தால், மாடுகளை எண்ணுவதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஊரில் வீணாவது எது, எவ்வளவு, எந்தெந்த மாதத்தில் என்று எழுதிப் பாருங்கள். மாவும் பழமும் பிண்ணாக்கும் கலனுக்கு. சோகையும் சருகும் கரிச் சூளைக்கு. வைக்கோல் மாட்டுக்குப் போக மிஞ்சினால் ஆலைக்கு. கலனை வாங்கும் முன், அதற்குத் தினமும் தீனி போடப்போகும் பெண்ணைக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காரவைத்து, அது புளித்தால் என்ன செய்வது என்பதை அவருக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள். மானியத்தைக் கேட்டு வாங்குவதைப் போலவே இந்தப் பயிற்சியையும் கேட்டு வாங்குங்கள்.