எலிசா முதல் சாட்ஜிபிடி வரை: உரையாடும் நிரலை அறிவுள்ளது எனலாமா?

எலிசா என்பது மனிதருடன் எழுத்து வழியே உரையாடுவதற்காக 1960-களின் நடுவில் உருவாக்கப்பட்ட கணினி நிரல் ஆகும். இன்று சாட்பாட் எனப்படும் மென்பொருள்களுக்கு இது முன்னோடி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் (எம்.ஐ.டி.) பேராசிரியராக இருந்த ஜோசப் வைசன்பாம் இதை எழுதினார். உரையாடும் நிரலுக்கு அறிவு உண்டா என்ற விவாதத்தில் எலிசாவின் வரலாறு இன்றும் பயன்படுகிறது.

செயல்பட்ட விதம்

எலிசாவின் புகழ்பெற்ற வடிவமான 'டாக்டர்', மனநல மருத்துவரைப் போலப் பேசும். நாம் எழுதும் வாக்கியத்தில் குறிப்பிட்ட சில சொற்களை அது தேடும். 'அம்மா' என்ற சொல் வந்தால், குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லும்படி கேட்கும். 'என்' என்பதை 'உங்கள்' என மாற்றி, நாம் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பித் தரும். தெரிந்த சொல் எதுவும் இல்லையென்றால், பொதுவான ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சமாளிக்கும். சொற்களின் பொருள் அதற்குத் தெரியாது.

ஆயினும் பலர் அதனிடம் மனம் திறந்து பேசினர். அந்நிரல் உருவானதை மாதக்கணக்கில் அருகிலிருந்து பார்த்த தம் செயலாளரே, எலிசாவுடன் தனியாகப் பேச வேண்டும் என்று தம்மை அறையை விட்டு வெளியேறச் சொன்னதாக, வைசன்பாம் 1976-இல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார்.

திறந்து காட்டியதன் பயன்

1966 ஜனவரியில் எலிசா இயங்கும் முறையையும் 'டாக்டர்' பயன்படுத்திய விதிகளையும் வைசன்பாம் ஆய்விதழில் வெளியிட்டார். அதைப் படித்தவர்களுக்கு வியப்பு குறைந்தது. அறிவு போலத் தோன்றியது சில விதிகளின் தொகுப்பே என்பது புரிந்தது.

எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்துக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கினார். மென்பொருளை இயக்கவும், அதன் மூலநிரலைப் படித்து மாற்றவும், பகிரவும், மாற்றியதைப் பகிரவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பது இவ்வியக்கத்தின் கொள்கை. குனூ ஈமாக்ஸ் மென்பொருளில் எலிசா வகையைச் சேர்ந்த ஒரு 'டாக்டர்' இன்றும் உண்டு. அதன் நிரலை எவரும் திறந்து படிக்கலாம்.

இன்றைய நிலை

2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடி, எலிசாவைவிடப் பன்மடங்கு திறன் வாய்ந்தது. பெருமளவு உரைகளிலிருந்து சொற்கள் அமையும் விதத்தைக் கற்று, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துப் பதிலை உருவாக்குகிறது. இத்தகைய நிரல்கள் பொருள் உணராதவை, ஆகவே அவற்றை அறிவு என அழைக்கக் கூடாது என்பது ஸ்டால்மனின் கருத்து. கணக்கையும் நிரலாக்கச் சிக்கலையும் தீர்க்கும் ஒன்றுக்கு அப்பெயரை மறுப்பது ஏன் என்று மறுதரப்பினர் கேட்கின்றனர்.

இந்த வழக்கைத் தீர்க்கச் சான்று வேண்டும். தேர்வில் ஒரு மாணவர் கணக்கைச் சரியாகப் போட்டால், அது வழிகாட்டி நூலில் இருந்த கணக்கா, அவரே சிந்தித்துப் போட்டதா என்று ஆசிரியர் பார்ப்பார். சாட்பாட் எந்த 'நூல்களை' படித்தது என்பதோ பொதுமக்களுக்குத் தெரிவதில்லை. மெட்டா நிறுவனத்தின் லாமா போன்றவை பயிற்சியில் கிடைத்த எண்களை வெளியிட்டாலும், பயிற்சித் தரவு முழுவதையும் தருவதில்லை. உரிமத்திலும் கட்டுப்பாடுகள் உள்ளன.

எல்லாம் திறக்கப்பட்டாலும் கோடிக்கணக்கான அந்த எண்களை எலிசாவின் விதிகளைப் போல எளிதில் படித்துவிட முடியாது என்பது உண்மை. ஆனால் பயிற்சித் தரவு கிடைத்தால், ஒரு விடை மனப்பாடமா, புதிதாகக் கண்டதா என்பதையாவது சோதிக்கலாம். அச்சோதனைக்கு வழிவிடாத நிறுவனம் தன் பொருளை 'அறிவு' என்று அழைக்கும்போது, அது தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்கிறது.