குடத்துக்குள் கைவிட்ட பையன்

மயிலம் மலையடிவாரத்தில் ஒரு டீக்கடை. பக்கத்தில் நின்ற நாலு கல்லூரிப் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தேன். முதலமைச்சர் முதல் அமெரிக்க அதிபர் வரை ஒருவரையும் விட்டுவைக்கவில்லை, சரமாரியாக விமர்சனம்! ''சரி தம்பி, உங்க வார்டு மெம்பர் யாரு?'' என்றேன். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ''அதெல்லாம் பெரியவங்க பார்த்துப்பாங்க சார்'' என்றான் ஒருவன்.

சிரிக்காதீர்கள். உங்கள் வார்டு மெம்பரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

'பெரியவங்க பார்த்துப்பாங்க' என்பது நம்ம பக்கத்தில் ரொம்பப் பழைய சங்கதி. மயிலத்திலிருந்து திண்டிவனம் தாண்டி வடக்கே போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று கி.பி. 919, மற்றது 921. குடவோலைத் தேர்தலின் சட்டப் புத்தகமே இவைதான்!

ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். உள்ளே கையை விட்டு ஓலையை எடுத்தது யார் தெரியுமா? ஒரு சின்னப் பையன். சூதுவாது தெரியாத பிள்ளை, யாருக்கும் சாதகமாக எடுக்க மாட்டான் என்ற நம்பிக்கை.

ஆனால், வாரியத்தில் உட்கார வயது வரம்பு? முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை. இரண்டே வருடத்தில் அது 35 முதல் 70 வரை என்று மாறிவிட்டது. இளைஞர்களுக்கு ஐந்து வருடம் கழிவு, முதியவர்களுக்குப் பத்து வருடம் போனஸ்! நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே அந்த வாய்ப்பு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நான் பி.காம். படித்தவன். அதனால் என் கண் போய் நின்றது வேறொரு விதியில். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்துக்குள் போகாது. அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களுக்கும் அதே கதிதான்! கணக்குதான் ஊராட்சியின் உயிர் என்று 1,100 வருடங்களுக்கு முன்பே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 1882-ல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சிக்காக ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நிர்வாகத்தைச் சீர்செய்வதைவிட, ஜனங்களுக்கு அரசியல் பழக்குவதுதான் அதன் முக்கிய நோக்கம் என்றார். சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை அவர் பெயரில்தான் நிற்கிறது. அப்படிப் பார்த்தால், உள்ளாட்சி என்பது ஒரு பள்ளிக்கூடம். பெரியவர்கள் மட்டுமே படிக்கும் பள்ளிக்கூடம் எங்காவது உண்டா?

சுதந்திர இந்தியா கதவை நன்றாகவே திறந்துவிட்டது. 1989-ல் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், 21 வயதிலேயே ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம் என்றது. அடுத்த வருடமே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்தது. விளைவு? 2020 ஜனவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் ஊராட்சித் தலைவரானார்!

தேர்தலில் நிற்க வேண்டாம் சாமி என்கிறீர்களா? கிராம சபைக்குப் போகலாமே. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். வருடத்துக்கு நாலு முறை கூடிக்கொண்டிருந்த அந்தச் சபையை ஆறு முறை கூட்டுவது என 2022-ல் முடிவானது. வரவு செலவு அங்கேதான் வைக்கப்படும். நகரவாசிகளும் தப்பிக்க முடியாது. 2022 நவம்பர் 1-ல் தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் ஆரம்பமாகிவிட்டன.

அந்த நாலு பையன்களிடமும் இதைத்தான் சொன்னேன். ''போய் என்ன சார் கேக்குறது?'' என்றான் அதே பையன்.

''எங்க தெரு லைட்டுக்கு எவ்வளவு செலவாச்சுன்னு கேளு, போதும்!''

உத்திரமேரூர்ப் பையனுக்கு ஓலையை எடுக்கத்தான் அனுமதி. கணக்குக் கேட்க இவனுக்கு அனுமதி இருக்கிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று டீக்கடைக்காரரிடம் அவன் விசாரித்துக்கொண்டிருந்தபோது என் பஸ் வந்துவிட்டது.