மார்வா ப்ளூஸ்

பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் ஹாரிசன் 2001 நவம்பர் 29 அன்று மறைந்தபோது அவருடைய கடைசி ஆல்பம் அரைகுறையாகக் கிடந்தது. மகன் தானியும் நண்பர் ஜெஃப் லின்னும் மிச்ச வேலையை முடித்தார்கள். 2002 நவம்பரில் ‘பிரெயின்வாஷ்ட்’ வெளிவந்தது.

அதில் குரலே இல்லாத ஒரே உருப்படி ‘மார்வா ப்ளூஸ்’. மார்வா, இந்துஸ்தானியில் அந்திநேர ராகம், பஞ்சமம் கிடையாது. நம் கர்நாடக ராகமான ஹம்சானந்திக்கு நெருங்கிய சொந்தம். ஹாரிசன் 1966இல் ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர். சிதாரில் மேதையாகவில்லைதான், ஆனால் விரலில் குழாய் மாட்டித் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கித்தாரில் சுரங்களை இழைத்துப் பாடவைத்தார். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சிறந்த பாப் வாத்திய இசைக்கான கிராமி விருது 2004இல் ‘மார்வா ப்ளூஸ்’ உருப்படிக்குக் கிடைத்தது.