இடித்தவனுக்கு அட்டையா?

திருப்புறத்திலிருந்து பூவாற்றுக்கு இறங்கி, நெய்யாறு கடலில் சேரும் பொழியைத் தாண்டினால் பொழியூர். அதற்கப்புறம் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, தூத்தூர் என்று கடற்கரை நெடுக ஊர்கள். 1956 நவம்பர் 1 அன்று எல்லை பிரிந்தபோது பொழியூர் கேரளத்தில் நின்றது. நீரோடி முதலான ஊர்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. பந்துகளிக்கு, அதாவது கால்பந்துக்கு, அந்த எல்லை ஒட்டவில்லை. கோயில் திருநாள் என்றால் இரண்டு பக்கத்து அணிகளும் ஒரே மணலில்தான் இறங்கும். அங்கே வருடக்கணக்காக விசில் ஊதியவன் நான்.

எனக்கு அதிகம் வசவு வாங்கித் தந்தது ஆஃப்சைடு அல்ல, தோளிடி. பந்து இரண்டு பேருக்கும் எட்டுகிற தூரத்தில் ஓடுகிறது. கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தோளுக்குத் தோள் இடிக்கிறான் ஒருவன். மற்றவன் உருண்டு விழுந்து எழும்பவில்லை. உடனே கரையிலிருந்து கூப்பாடு: “சாரே, பய எலும்பு ஒடிஞ்சு கெடக்கான், செவப்பு அட்டைய எடும்!” நான் எடுக்கமாட்டேன். விழுந்தவனுக்கு என்ன ஆயிற்று என்பதை வைத்துச் சட்டம் தண்டிப்பதில்லை. கவனக்குறைவான இடிக்கு ஃப்ரீ கிக், எதிராளியின் ஆபத்தைப் பொருட்படுத்தாத இடிக்கு மஞ்சள், அளவுக்கு மீறிய பலத்துக்குச் சிவப்பு. இந்த மூன்றிலும் அடங்காத இடி, விழுந்தவனுக்கு எவ்வளவு அடிபட்டாலும், ஆட்டத்தில் சேர்ந்ததுதான்.

இந்த இடி பழைய சொத்து. 1863இல் லண்டன் ஃப்ரீமேசன்ஸ் விடுதியில் கூடி ஆட்ட விதிகளை எழுதியவர்கள், எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதை விலக்கினார்கள். உதை போனால் வீரம் போய்விடும் என்று வாதாடிய பிளாக்ஹீத் கிளப் கோபித்துக்கொண்டு வெளியேறியது. பின்னாளில் ரக்பிக்காரர்களோடு சேர்ந்தது. வீரத்தைப் பற்றி இப்படி உரக்கப் பேசுகிறவர்கள், அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போக வரமாட்டார்கள் என்பது நம்மூரிலும் பார்த்ததுதான். உதை போயிற்று, தோளிடி தங்கிவிட்டது. அந்தக் காலத்தில் கையில் பந்தில்லாத கோலியைக்கூட இடிக்கலாம். 1890களில்தான் அதற்கு ஒரு வரம்பு வந்தது. ஆனால் பந்தைப் பிடித்து நிற்கும் கோலியை இடிப்பது அதன் பிறகும் வெகுகாலம் செல்லுபடியானது.

அதன் விலை 1957 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் தெரிந்தது. ஆறாவது நிமிடத்தில் ஆஸ்டன் வில்லாவின் பீட்டர் மெக்பார்லண்ட், மான்செஸ்டர் யுனைட்டெட் கோலி ரே வுட் மேல் போய் மோதினார். வுட்டின் கன்ன எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதி இல்லை. ஜாக்கி பிளான்ச்ஃபிளவர் என்ற தடுப்பாட்டக்காரர் கோல் காக்கப் போனார். மெக்பார்லண்ட் வெளியேற்றப்படவில்லை. அவரே இரண்டு கோல் போட்டார், வில்லா 2-1 என்று வென்றது. அடுத்த வருடம் அதே இறுதியாட்டம், அதே யுனைட்டெட். மியூனிக் விமான விபத்து நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. விபத்தில் உயிர் தப்பிய கோலி ஹாரி கிரெக், மேலெழுந்த பந்தைப் பிடிக்க எம்பியபோது போல்ட்டன் அணியின் நாட் லாஃப்ட்ஹவுஸ் முதுகில் இடித்து, பந்தோடு அவரையும் வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் கொடுத்தார். அது பவுல்தான் என்று லாஃப்ட்ஹவுசே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். இன்று எந்த நடுவரும் அதைக் கோலாக எழுதமாட்டார்.

பனி ஹாக்கியிலும் இதே வழக்கு வந்தது. 2010 மார்ச்சில் பிட்ஸ்பர்க்கின் மேட் குக், பாஸ்டனின் மார்க் சவார்டைத் தலையில் இடித்துச் சாய்த்தார். சவார்டுக்கு மூளை அதிர்ச்சி. அப்படிப்பட்ட இடியைத் தடுக்கும் விதி அன்று இல்லாததால் குக்குக்குத் தடை விதிக்கவில்லை. அந்த மாதமே விதியைத் திருத்தினார்கள்: கண்ணில் படாத பக்கத்திலிருந்து வந்து தலையைக் குறிவைப்பது குற்றம். குக் தப்பித்தது பலருக்கு ஆத்திரம். எனக்கு அதில் தவறு தெரியவில்லை. நேற்றுவரை அனுமதித்ததற்கு இன்று ஒருவனைத் தண்டித்தால், அடுத்த ஆட்டத்தில் எது குற்றம் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் நம் கரையில் இன்னொரு கணக்கு உண்டு. இங்கிருந்து பெரிய ஆட்டங்களுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பொழியூர் எஸ். சீசன் இடம்பெற்ற கேரள அணி 2018இல் கொல்கத்தாவில் மேற்கு வங்கத்தை வீழ்த்தி சந்தோஷ் டிராபியை எடுத்தது. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் அந்தப் பருவத்து ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடரின் முதல் ஆட்டத்திலேயே கால் மணி நேரத்துக்குள் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். அவரைப் போன்றவர்களுக்குக் கிளப் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். திருநாள் கப்புக்கு வெறுங்காலோடு ஆடுகிறவனுக்குத் தோள் எலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் வலை இழுக்க முடியாது. வீட்டில் அடுப்புக்கு யார் பதில் சொல்வது?

அதனால் என் தீர்ப்பு இதுதான். விதிக்குள் இடித்தவனுக்கு அட்டை வேண்டாம். விதியே போதாது என்று தோன்றினால் கமிட்டிக்காரர்கள் அதைத் திருத்தட்டும். எம்பி நிற்கிறவனை இடிக்கக்கூடாது, பின்னாலிருந்து இடிக்கக்கூடாது, அப்படி இடித்தால் நேராக வெளியே என்று டாஸுக்கு முன்னாலேயே இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எலும்பு முறிந்தவனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கப்புப் பணத்திலிருந்து ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.