பாலாச்சடியும் திருத்தணியும்: போர்க்கால விடுதிப் பிள்ளைகளைக் குறித்து ஒரு வரலாற்றுச் சிந்தனை

போரினால் வீடிழந்த வாலிபப் பிள்ளையை விடுதியில் சேர்த்தபின், அவனுக்கு நாம் கடமைப்பட்டிருப்பது என்ன? உணவு, உறைவிடம், கல்வி என்று எளிதில் விடை கூறிவிடலாம். ஆயின், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நமது நாட்டிலேயே நடைபெற்ற ஒரு விடுதியின் வரலாறு, அவ்விடை போதாது என்று காட்டுகிறது.

1939 செப்டம்பரில் போலந்து நாட்டை மேற்கிலிருந்து ஜெர்மானியப் படைகளும் கிழக்கிலிருந்து சோவியத் படைகளும் கைப்பற்றின. 1940, 1941ஆம் ஆண்டுகளில் கிழக்குப் பகுதிக் குடும்பங்கள் பல சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் நாடுகடத்தப்பட்டன. பசியும் நோயும் பெற்றோர் பலரை மாய்த்தன. 1941 ஜூலையில் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப்பின் விடுவிக்கப்பட்டவர்களுள் அநாதைப் பிள்ளைகள் பலர் 1942இல் இந்தியா வந்தடைந்தனர். நவாநகர் அரசர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி, ஜாம்நகருக்கு அருகே பாலாச்சடி என்னும் கடற்கரையூரில் அவர்களுக்கு முகாம் அமைத்தார். சிறு குழந்தைகளோடு பதின்பருவத்தினரும் அங்கு வாழ்ந்தனர்.

அரசர் இந்து, பிள்ளைகளோ பெரும்பாலும் ரோமன் கத்தோலிக்கர். அவர் தம்மைத் தந்தையாகக் கருதும்படி அவர்களிடம் கூறினார். எனினும் தம் சமயத்தையும் மொழியையும் அவர்கள்மேல் சுமத்தவில்லை. போலந்துக் குருவானவர் பிரான்சிஷேக் புளூட்டா முகாமின் தலைவராயிருந்தார். வழிபாடும் பாடங்களும் போலிஷ் மொழியில் நடந்தன. சாரணர் இயக்கம் மூத்த பிள்ளைகளைப் பொறுப்பில் பழக்கிற்று. அவர்கள் நடித்த நாடகங்களை அரசரே வந்திருந்து கண்டார். 'நான் யார்?' என்று வினவும் பருவத்தில், போர் பறிக்காமல் விட்ட உடைமைகள் மொழியும் விசுவாசமுமே. அவற்றையும் விடுதி பறித்திருந்தால், அது இரண்டாம் நாடுகடத்தலாக முடிந்திருக்கும்.

இதனோடு நமது திருத்தணியையும் நினைத்துப் பார்ப்பது தகும். 1888இல் இங்கே பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியிலும், பின் வேலூர், சென்னை மிஷன் கல்லூரிகளிலும் பயின்றவர். கல்வியில் அவர் பெற்ற நன்மை பெரிது. ஆயினும், இந்து சமயத்தைக் குறித்து மிஷனரிமார் கூறிய கடும் விமர்சனம் தம் உள்ளத்தைப் புண்படுத்தி, அச்சமயத்தை ஆராயத் தூண்டியதென்று அவரே பிற்காலத்தில் எழுதினார். அது போர்க்காலமன்று, அவருக்குத் திரும்பிச் செல்ல வீடும் இருந்தது. போரின் பிள்ளைக்கோ விடுதியைவிட்டால் வேறு புகலிடமில்லை. ஆகவே அங்கு பேசப்படும் ஒரு கடுஞ்சொல்லின் பாரமும் மிகுதி.

இக்கேள்வி தொலைவிலுள்ளதன்று. 1983க்குப்பின் இலங்கைப் போரினின்று தப்பி வந்த குடும்பங்களுக்கு, இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியிலும் முகாம் அமைந்தது. அத்தகைய பிள்ளைகளுள் சைவரும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. அவர்களை ஏற்கும் விடுதியில் அவரவர் வேண்டுதலுக்கு இடமுண்டா? மூத்த பிள்ளைகளுக்கு ஏவல் மட்டுமா, பொறுப்பும் உண்டா?

சாட்சி பகருவது திருச்சபையின் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், போக்கிடமற்ற பிள்ளையின் சம்மதம் சுயாதீனமான சம்மதமாகாது. லூக்கா 10ஆம் அதிகாரத்துச் சமாரியன் காயப்பட்டவனுக்கு எண்ணெய் வார்த்தான். சத்திரக்காரனுக்குப் பணமும் கொடுத்தான். அவனுடைய விசுவாசத்தைக் குறித்து ஒன்றும் வினவவில்லை. பாலாச்சடியில் ஓர் இந்து அரசர் நம் ஆண்டவரின் உவமையை நடத்திக் காட்டினார். விடுதிப் பணியை ஏற்கவிருக்கும் இறையியல் மாணவர் அவரிடமிருந்து கற்க வெட்கப்படவேண்டியதில்லை.